பினாங்குக்குப் போன ஞானஸ்நானச் சான்றிதழ்

எங்கள் அப்பாவைப் பெற்றவள் இப்போது எங்கே இருக்கிறாள்?

முகவரி கேட்கவில்லை. அவள் இறந்து ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பினாங்கிலிருந்து திரும்பி மூன்று வாரமாகியும் எனக்கு விடை தெரியாத கேள்வி இது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையில் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதியிருப்பேன். பினாங்குச் சாப்பாட்டுக்கு அந்தத் தகுதி உண்டு.

என் அக்கா ஒன்பது வருடங்களுக்கு முன் பினாங்குத் தமிழர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், பாட்டுப் பாடி, பிரசங்கத்தின்போது கொஞ்சம் தூங்கி வளர்ந்த புராட்டஸ்டண்ட் குடும்பம். ஐந்து வருடங்களுக்கு முன் அக்காவும் அத்தானும் மார்மன் சபையில் சேர்ந்தார்கள். அம்மா அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். இரண்டு வருடங்களுக்கு முன் அப்பா இறந்தார். அதற்குப் பிறகு அக்கா கேட்ட ஒன்றைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

மார்மன் சபையில், இறந்துபோனவர்களுக்காக உயிரோடு இருக்கிறவர்கள் ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். செத்தவரின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பதிலாக இன்னொருவர் தண்ணீரில் முங்கி எழுவார். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். பிறந்து நூற்றுப்பத்து வருடம் ஆகாதவர் என்றால் மிக நெருங்கிய உறவினர் சம்மதிக்க வேண்டும். அப்பாவுக்கு அப்படிச் செய்ய அக்கா அம்மாவிடம் சம்மதம் கேட்டாள். அம்மா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடமாக இருவரும் பேசவில்லை. எல்லாம் என் வழியாகத்தான். "அக்கா நல்லாருக்கியளான்னு கேட்டா." "நல்லாருக்கேன்னு சொல்லு."

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. அப்பா பிறவிக் கிறிஸ்தவர் அல்ல. இருபத்திரண்டு வயதில், வீட்டில் யாரும் கூட வராமல், தனியாகப் போய் தாமிரபரணியில் ஞானஸ்நானம் எடுத்தவர். "மாடசாமியா எறங்கினேன், சாமுவேலா ஏறினேன்" என்று அவரே சொல்வார். அந்த ஒரு முங்குக்காகச் சொந்த ஊரில் பத்து வருடம் யாரும் அவருக்குத் தண்ணீர் தரவில்லை. அதற்கு மேல் இன்னொரு ஞானஸ்நானம் என்றால், முதலாவது செல்லாது என்றுதானே அர்த்தம்?

நான் பினாங்குக்குப் போகிறேன் என்றதும் அம்மா பீரோவைத் திறந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துத் தந்தாள். வாய் ஒட்டியிருந்தது. உள்ளே விறைப்பாக ஏதோ இருந்தது.

"அப்பாவோட ஞானஸ்நானச் சீட்டு. அவ கையில குடு, அவளே பிரிக்கட்டும். மனுசன் எப்பவோ முங்கி எந்திரிச்சாச்சின்னு அவளுக்குத் தெரியட்டும். அவ மூஞ்சியப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சரின்னா நானும் சரிங்கேன்."

ஆக, என் பெட்டியில் இருந்தவை: என் நான்கு வயது மகள் ஷெரினுக்குக் காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், உப்பு சர்க்கரைப் பொட்டலம் பத்து, ரசப்பொடி, அப்பாவின் ஞானஸ்நானம். கணவருக்கு விடுப்பு இல்லை. முடிவெடுக்கும் வேலை எனக்கு. நான் ஷெரினுக்குச் சட்டை எடுக்கவே மூன்று கடை ஏறி, முதல் கடைக்கே திரும்பி வருகிறவள்.

முதல் நாள். விமான நிலையத்தில் அத்தான் வந்து நின்றார். தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. நல்ல உயரம், அதைவிட நல்ல அகலம், சிரிப்பு எப்போதும் தயார், பேச்சின் வாலில் பினாங்கு 'லா'வும். "வா எஸ்தர், பயணம் ஓகேவா? பாப்பாவ பின்னாடி படுக்க வை லா, அது முழிச்சிக்கிட்டே தூங்குது."

ஆயர் ஈத்தாம் என்ற பகுதியில் அவர்கள் வீடு, பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் பினாங்கு மலை, மறுபக்கம் எதிர் வீட்டு ஜட்டிகள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள், ஷெரினைத் தூக்கிக்கொண்டாள், பெரிய கோப்பையில் மைலோ என்கிற சாக்லேட் பானம் தந்தாள். குடித்துவிட்டு, அடுத்து டீ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது, இவர்கள் டீயும் காப்பியும் குடிக்க மாட்டார்கள். எனக்கு ஒரு நாளைக்கு நாலு டீ வேண்டும். இல்லாவிட்டால் தலைவலி. அதைச் சொல்லலாமா கூடாதா என்று யோசித்தே தலைவலி வந்துவிட்டது.

கவரை அன்றைக்கே தருவதாகத்தான் இருந்தேன். அக்கா எனக்காக மீன் குழம்பு வைத்திருந்தாள், பாளையங்கோட்டை ருசியில். ஒன்பது வருடமாக வேறு நாட்டில் இருந்தும் புளி கரைக்கிற கை மாறவில்லை. அந்தக் குழம்பின் மேல் அம்மாவின் கோபத்தை எடுத்து வைக்க மனம் வரவில்லை. நாளைக்குத் தரலாம் என்று விட்டேன்.

இரண்டாம் நாள் ஞாயிறு. அவர்கள் சபைக்குப் போனேன். போகலாமா என்று கணவரிடம் கேட்டேன், போ என்றார். போகக்கூடாது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் இருவரும் இரண்டு வேளை உபவாசம். எனக்கும் ஷெரினுக்கும் மட்டும் நாசி லெமாக் வாங்கி வைத்திருந்தார்கள். தேங்காய்ப்பால் சோறு, சம்பல், நெத்திலிக் கருவாடு. பசியோடு இருக்கிற இருவர் முன் அதைச் சாப்பிடுவது ஒரு தண்டனை. முழுவதையும் சாப்பிட்டேன்.

கூட்டம் எளிமையாக இருந்தது. சிலுவை இல்லை. திருவிருந்தில் ரொட்டியும், திராட்சரசத்துக்குப் பதில் தண்ணீரும். நான் எடுக்கவில்லை. தட்டு என்னைக் கடந்து போனபோது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சாட்சிக் கூட்டம் போலவேதான், ஒலிபெருக்கிதான் குறைவு.

அக்கா அங்கே சிறுவர் வகுப்பு எடுக்கிறாள். அவளுக்குக் குழந்தை இல்லை. ஷெரினையும் வகுப்புக்கு அழைத்துப்போனாள். வெளியே வரும்போது ஷெரின் சொன்னது: "அம்மா, நான் உன் வயித்துக்கு வர்றதுக்கு முன்னாடி பரலோகத்துல இருந்தேன். நான்தான் உன்னைய எடுத்தேன்."

எனக்கு ஒரு நிமிடம் உள்ளே இனித்தது. மறு நிமிடம் பகீரென்றது. நாங்கள் படித்த வேதத்தின்படி, மனுஷனின் ஆவியைக் கடவுள் அவனுக்குள்ளே உண்டாக்குகிறார். பிறப்பதற்கு முன் அவர் நம்மை அறிந்திருந்தார், ஆனால் நாம் எங்கேயும் இல்லை. மார்மன்களோ, எல்லா ஆவிகளும் பிறப்பதற்கு முன்பே பரமபிதாவின் பிள்ளைகளாக அவரோடு வாழ்ந்தன, உடலெடுத்துப் பழகவே பூமிக்கு வந்தன என்கிறார்கள்.

காரில் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "உன்னைய எடுத்தேன்னெல்லாம் நான் சொல்லிக்குடுக்கல ட்டி. அது இவளா சேத்துக்கிட்டது. அங்க இருந்தோம்னு மட்டுந்தான் சொன்னேன்."

"அங்க இருந்தோம்ங்கறதே எங்களுக்கு இல்லையேக்கா."

"சரி. அப்ப நீ என்ன சொல்லுவ, அவ கேட்டா?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தான் நடுவில் புகுந்தார். "கடவுள் மனசுல இருந்தேன்னு சொல்லு. அது ரெண்டு சபைக்கும் ஒத்து வரும் லா." பிறகு அவரே தொடர்ந்தார். அவர்கள் சபையில் முறைப்படி சேர்த்து வைத்த குடும்பம், செத்தாலும் பிரியாதாம். கல்யாணம் என்றென்றைக்கும். "அதான் நான் இப்பவே எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிப் பழகிக்கிறேன்."

உயிர்த்தெழுந்த பிறகு கல்யாணமே இல்லை, எல்லாரும் தேவதூதரைப் போல் இருப்பார்கள் என்று இயேசு சொன்னதாக நாங்கள் படித்திருக்கிறோம். குடும்ப ஜெபத்தில் அந்தப் பகுதி வரும்போதெல்லாம் அம்மா கொஞ்சம் வேகமாக வாசிப்பாள். இதை அக்காவிடம் சொன்னேன். இருவரும் சேர்ந்து சிரித்தோம். அம்மாவைப் பற்றி இந்தப் பயணத்தில் நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கவர் கைப்பையில் இருந்தது. அன்றும் தரவில்லை.

மூன்றாம் நாள் காலை, தலைவலி வென்றது. ஷெரினைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, முனையிலிருந்த தமிழ் முஸ்லிம் கடையில் உட்கார்ந்தேன். ஒரு டீ, ரொட்டி சானாய் என்கிற அந்த ஊர்ப் புரோட்டா ஒன்று. கடைக்காரர் டீயை ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றி நுரையோடு வைத்தார். நம் ஊர் டீக்கடை ஆற்றுகிற அதே வித்தைதான், பால் மட்டும் டின் பால். ஒரு வாயில் உலகம் சரியாகிவிட்டது.

எந்த ஊர், யார் வீட்டுக்கு என்று விசாரித்தார். சொன்னேன். "அந்த டீ குடிக்காத சபையா? நல்ல மனுசங்க. அண்ணன் இங்க வந்தா பார்லி தண்ணிதான் கேப்பாரு" என்றார். மீண்டும் ஒரு டீ சொன்னேன். கூட்டம் இல்லாததால் பேச்சு நீண்டது. செத்தவர்களுக்காக அவர்கள் ஏதாவது செய்வார்களா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அந்நியரிடம்தான் சில கேள்விகள் வரும்.

"எங்க அத்தா மௌத்தாகி பதினோரு வருசம் தங்கச்சி. வெள்ளிக்கிழமை ஆனா ஓதுவேன். அவருக்குக் கேக்குதா, சேருதா, அது ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஓதலைன்னா அன்னிக்கு எனக்கு டீ சரியா வராது."

எங்கள் போதகர் இதற்கு என்ன சொல்வார் என்று தெரியும். செத்தவர்களுக்காக நாம் ஜெபிப்பதில்லை. மரித்த பிறகு நியாயத்தீர்ப்பு, அவ்வளவுதான். ஆனால் கல்லறைத் திருநாளில் அப்பாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, "ஷெரின் எல்.கே.ஜி. சேந்துட்டாப்பா" என்று நான் சொன்னது ஜெபமா, பேச்சா, வெறும் பழக்கமா?

அன்று மாலை பசார் என்கிற சந்தைக்குப் போனோம். சீனர்களுக்கு அது பேய் மாதம். வருடத்தில் ஒரு மாதம் பாதாளக் கதவு திறந்து, செத்தவர்கள் ஊர் சுற்ற வருவார்களாம். அவர்களுக்காகப் பாட்டும் கூத்தும் நடக்கும். தெருவோரம் மேடை, விளக்கு, ஊதுவத்திப் புகை. கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. ஆனால் முதல் வரிசை நாற்காலிகள் மட்டும் காலி. ஷெரின் என் கையை உருவிக்கொண்டு ஓடி, நட்டநடு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, அது அவங்களுக்கு" என்றாள் அக்கா. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஓடினேன். எங்கள் நம்பிக்கைப்படி அது வெறும் பிளாஸ்டிக் நாற்காலி. செத்தவர்கள் வருவதில்லை, நாற்காலி கேட்பதுமில்லை. அக்காவின் நம்பிக்கைப்படி ஆவிகள் உண்டு, மிக நுண்ணிய பொருளால் ஆனவைகூட, ஆனால் கூத்துப் பார்க்க வருவதில்லை. இருந்தும் இரண்டு பேரும் ஓடினோம். பக்கத்திலிருந்த ஒரு சீன அம்மாள் ஷெரினை அவசரமில்லாமல் தூக்கி என்னிடம் தந்து மலாயில் ஏதோ சொன்னார். அத்தான் மொழிபெயர்த்தார்: சின்னப் பிள்ளைதானே, அவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று ஷெரினின் நெற்றியை ஐந்து முறை தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. ஐந்தாவது முறை அவளே கையைத் தட்டிவிட்டாள்.

நான்காம் நாள் எல்லாம் நடந்தது. ஷெரினோடு தனியாக டவுனுக்குப் போய், சுவர் ஓவியங்களைப் பார்த்து, அவற்றின் முன் அவளை நிற்கச் சொல்லிக் கெஞ்சி, தோற்று, பஸ்ஸில் திரும்பினேன். கவரை வீட்டில் வைக்கப் பயந்து எங்கே போனாலும் கைப்பையில்தான் கொண்டுபோனேன். ஷெரின் மடியில் தூங்கிவிட்டாள். இன்றாவது கவரைத் தர வேண்டும், எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் எங்கள் நிறுத்தம் போய்விட்டது. பினாங்கு மலை அடிவாரத்தில் பஸ் நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, மலைக்குப் போகவா வந்தீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி இறங்கிவிட்டேன். தவறவிட்டேன் என்று சொல்ல வெட்கம்.

திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தேன். பாதி வழியில் மழை பிடித்தது. பினாங்கு மழைக்கு முன்னறிவிப்புக் கிடையாது, வாளியைக் கவிழ்த்தது போல் வரும். என் துப்பட்டாவை ஷெரின் தலையில் சுற்றி, அவளைத் தூக்கிக்கொண்டு, செருப்பு சளக் சளக் என்க வீடு வந்து சேர்ந்தேன். அக்கா பிள்ளையைப் பிடுங்கித் துவட்டினாள். அப்போதுதான் கைப்பை நினைவு வந்தது. ஜிப் போட மறந்திருந்தேன்.

கவர் கூழாகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்பாவோடதுக்கா. அம்மா உன் கையில குடுக்கச் சொன்னது. அப்பாவோட ஞானஸ்நானச் சீட்டு."

அக்கா அந்தக் கூழை உரித்தாள். உள்ளே, பளபளவென்று, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் சான்றிதழ் இருந்தது. லாமினேஷன். பிறப்பு, பள்ளிக்கூடம், ரேஷன் என்று எதைக் கண்டாலும் லாமினேஷன் போடுகிறவள் எங்கள் அம்மா. அத்தான் எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, மாமா ரெண்டாவது தடவ நனைய மாட்டேங்கறாரு. பதில் சொல்லிட்டாரு லா."

நான் சிரித்துவிட்டேன், அழுகையோடு. அக்கா சிரிக்கவில்லை. துண்டால் அதைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அது பழைய கையெழுத்து. முந்தின பெயர் மாடசாமி. ஞானஸ்நானப் பெயர் சாமுவேல். தகப்பன் சுடலைமுத்து. அதற்குக் கீழே, தாய் உச்சிமாகாளி, மரித்தவள்.

"ஏட்டி, இவங்களுக்கு ஒரு பேரு இருந்திருக்கு பாரு" என்றாள் அக்கா.

இதை விளக்க வேண்டும். அப்பாவின் அம்மாவுடைய பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. அவளுக்குப் போட்டோ இல்லை, ஒரு காகிதம் இல்லை. அப்பா அவளை "எங்கம்மா" என்றுதான் சொல்வார். பெற்றவளைப் பெயர் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, நாங்களும் கேட்டதில்லை. அப்பாவுக்குப் பத்தொன்பது வயதானபோது அவள் காய்ச்சலில் இறந்தாள். மூன்று வருடம் கழித்துத்தான் அவர் கிறிஸ்தவரானார். அந்த மூன்று வருடம் அவரைக் கடைசிவரை அரித்தது. எங்கள் கோயிலுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு போதகரும் வீட்டுக்கு டீ குடிக்க வந்தால் அப்பா ஒரே கேள்வியைக் கேட்பார்: "எங்கம்மா சாகும்போது இயேசுங்கிற பேரையே கேட்டதில்ல. அவ எங்க இருக்கா?"

ஒருவர், அதைக் கடவுளிடம் விட்டுவிடுங்கள் என்றார். ஒருவர் பேச்சை மாற்றினார். ஓர் இளம் போதகர் மட்டும் நேர்மையாக "நரகம்" என்றார். அம்மா அவருக்கு இரண்டாவது டீ தரவில்லை.

ஐந்தாம் நாள், அத்தானுடைய அக்கா வீட்டு விருந்துக்காக அக்கரையிலுள்ள பாகான் டாலாமுக்கு ஃபெரியில் போனோம். அத்தான் ஷெரினுக்குக் கப்பல் காட்டிக்கொண்டிருந்தார். அக்காவும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் ஜார்ஜ்டவுன் சிறிதாகிக்கொண்டே போனது. அக்காவே தொடங்கினாள்.

அவள் சபையில் சேர்ந்ததே அந்தக் கேள்வியால்தான் என்றாள். செத்த பிறகு ஆவிகள் போகிற உலகம் ஒன்று உண்டு, அதில் நல்லவர்கள் இளைப்பாறும் இடமும் சிறை போன்ற இடமும் உண்டு, அங்கேயும் சுவிசேஷம் சொல்லப்படுகிறது என்று அவர்கள் சொன்னார்களாம். இயேசு போய்ச் சிறையிலுள்ள ஆவிகளுக்குப் பிரசங்கித்ததாக வேதத்தில் ஒரு நிருபத்தில் இருக்கிற வரியைக் காட்டினார்களாம். முடிவில் மூன்று மகிமை உலகங்கள், சூரியனைப் போல, நிலவைப் போல, நட்சத்திரத்தைப் போல. நரகத்தில் நிரந்தரமாக விழுகிறவர்கள் மிகச் சிலரே.

எனக்கும் வேதம் தெரியும். இயேசு சொன்ன கதையில் பணக்காரனும் லாசரு என்ற பிச்சைக்காரனும் இறந்த பிறகு அவர்களுக்கு நடுவே பெரும்பிளப்பு இருந்தது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் யாரும் கடக்க முடியாது என்று சொன்னேன். சூரியன், நிலா, நட்சத்திரம் எல்லாம் உயிர்த்தெழும் உடலைப் பற்றிய பேச்சு, மூன்று பரலோகத்தைப் பற்றியது அல்ல என்றேன். செத்தவர்களுக்காக ஞானஸ்நானம் என்பதும் பவுல் ஒரே இடத்தில், போகிற போக்கில் சொல்வது, செய் என்று எங்கேயும் சொல்லவில்லை என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். அந்தப் பிளப்புக்கு இயேசு பாலம் போட்டுவிட்டார் என்று அவர்கள் நம்புவதாகச் சொன்னாள். ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு கரையில் நின்றோம்.

"நாங்க முங்கறது அவங்களக் கட்டாயப்படுத்தாது ட்டி. கதவத் தட்டற மாதிரி. வேணுமா வேண்டாமான்னு அங்க அவங்கதான் சொல்லணும். அப்பா வேண்டாம்னா வேண்டாம்."

"அப்பா என்னைக்கு ஒனக்கு வேண்டாம்னு சொல்லிருக்காரு?"

அவள் கம்பியை விட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "பதில் கிடைச்சிதுன்னு அது சரியான பதில்னு ஆகிடுமான்னுதானே கேக்க வார?" என்றாள். அதைத்தான் கேட்க இருந்தேன். "ஆகாது. ஆனா என்னால சும்மா இருக்க முடியல, எஸ்தர். அப்பா எத்தன பேருட்ட கேட்டாரு. பேரு தெரியாதுன்னு இத்தன வருசம் சமாதானம் சொல்லிக்கிட்டேன். இப்பப் பேரும் வந்துட்டு. அதையும் நீதான் கொண்டுவந்து குடுத்த."

மலேசியாவில் அவர்களுக்கு அந்தக் காரியம் செய்யும் ஆலயம் இல்லை. டிசம்பரில் பாங்காக் போகிறார்கள். அம்மா வேண்டாம் என்றால் அப்பாவை விட்டுவிடுகிறேன் என்றாள் அக்கா, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல். ஆனால் உச்சிமாகாளிக்காக அவள் முங்க வேண்டும். புருஷனும் பிள்ளைகளும் போய்விட்ட அவளுக்கு இப்போது மிச்சமிருக்கிற நெருங்கின உறவு நாங்கள் இரண்டு பேர்தான். "நீ கொண்டுவந்த பேரு. நீ வேண்டாம்னா எழுத மாட்டேன்."

நான் பதில் சொல்வதற்குள் ஃபெரி கரை சேர்ந்தது. விருந்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் ரசமும். அத்தானின் அக்கா எனக்குத் தனியாக டீ போட்டுத் தந்தார். அன்று முழுக்க அதைப் பற்றிப் பேசவில்லை. அத்தான் மட்டும் ஒரு முறை, பாங்காக்கில் அந்தப் பெயரை வாசிக்கிறவர் பாடு திண்டாட்டம் லா என்றார். "உச்சி-மா-காளி" என்று ஷெரின் மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். சாமி பெயரைத் தாங்கிய, சாமி கும்பிட்ட ஒருத்தி. ஒரு மார்மன் ஆலயத்தின் தண்ணீரில் தன் பெயர் கேட்டால் என்ன நினைப்பாள்? அவளைக் கேட்காமலேயே நாங்கள் இரண்டு கிறிஸ்தவப் பேத்திகள் அவளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம்.

ஆறாம் நாள் கிளம்பினேன். அக்கா சான்றிதழைத் திருப்பித் தந்தாள். புதுக் கவர், வாய் ஒட்டவில்லை. படம் எடுத்துக்கொண்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பாளையங்கோட்டையில் அம்மா கவரை வாங்கி, சான்றிதழை எடுத்து, கண்ணாடி போட்டு, இரண்டு பக்கமும் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பற்றி என்ன சொல்வது என்று விமானத்தில் நாலு மணி நேரம் ஒத்திகை பார்த்திருந்தேன். அம்மா அதைக் கேட்கவில்லை.

"அந்தப் பேர அவ பாத்தாளா?"

பார்த்தாள் என்றேன்.

"அவருக்கு ஒண்ணும் வேண்டாம். அவரு முங்கினவரு" என்றாள் அம்மா. சான்றிதழை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, "மத்தது ஒங்க ரெண்டு பேரு பாடு" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். சாயங்காலம் என் போனை வாங்கி, அக்காவிடம் மழை அங்கே எப்படி என்று விசாரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு.

அம்மா அந்தச் சீட்டை அக்காவைத் தடுக்க அனுப்பினாளா, அந்தப் பெயரைச் சேர்ப்பிக்க அனுப்பினாளா? அப்பா கேட்ட கேள்வியை, வாழ்நாளெல்லாம் பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டே காதில் வாங்கியவள் அவள். அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேண்டாம் என்றால், என் சபை சொல்வதைச் சரியாகச் செய்தவள் ஆவேன். ஆனால் அப்பாவின் அம்மாவுக்காக உலகத்தில் யாரோ ஒருத்தி செய்ய வந்ததை நிறுத்தியவளும் நான்தான். சரி என்றால், நான் நம்பாத ஒன்றுக்கு, கேட்க முடியாத ஒருத்தியின் பெயரைக் கொடுத்தவள் ஆவேன். நீங்களாக இருந்தால் அக்காவுக்கு என்ன சொல்வீர்கள்? எழுதுங்கள். வசனம் காட்டி எழுதினாலும் சரி, அனுபவத்தைச் சொல்லி எழுதினாலும் சரி. அந்த இளம் போதகரைப் போல ஒரே வார்த்தையில் மட்டும் எழுதிவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் தபாலை அம்மாதான் முதலில் பிரிப்பாள்.